யசோதினிக்கு விழுந்த வசனம்

...சும்மா வாயில் வந்த பேர்தானே, அதற்குப் போய் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது, வகுப்பென்றால் வசனத்துக்குப் பேர் வேண்டும், முன்னால் இருக்கிற பிள்ளைகளின் பேரைப் போட்டுத்தான் இத்தனை வருசமும் இங்கிலீஷ் படிப்பிக்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை... ஆனால் அவள் கேட்டுவிட்டாள். அம்பிட்டிய பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பின்னால் நிற்பவனின் குடை முதுகில் குத்த, கரும்பலகையில் எழுதியதை மனதுக்குள் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். ‘ஸ்டீல்’ (steal) என்று ஒரு சொல். களவு மட்டுமில்லைப் பிள்ளையள், அதுக்கு எத்தினை முகம் இருக்குது பாருங்கோ என்று பெருமையாகத்தான் தொடங்கினேன். நல்ல சாமான் மலிவாக அகப்பட்டால் அந்தச் சொல், அதற்கு வினோதனின் புதுச் சப்பாத்து. மேடைக்கு வந்து எல்லாருடைய கைதட்டலையும் ஒருத்தியே அள்ளிக்கொண்டு போனாலும் அந்தச் சொல், அதற்குப் பிரியாந்தினியின் பாட்டு. ஓரக்கண்ணால் பார்ப்பதற்கும் அதுதான், அதற்கு றிஸ்வி, வகுப்பே கூவியது. கடைசியில் மிஞ்சியது வெறும் களவு. யசோதினி மனேஜரின் பேர்ஸைக் களவெடுத்தாள்... யோசிக்கவேயில்லை, கை தன்பாட்டில் எழுதியது. “அப்ப பேர்ஸ் எங்க யசோ?” என்று வினோதன் கேட்க எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீ, நானும்தான் சிரித்தேன்!

வகுப்பில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அவள் ஒருத்திதான். அது எனக்குத் தெரியாதா என்ன, தெரியும், ஆனால் அதற்கும் இதற்கும்... எல்லாரும் போனபிறகு கதவடியில் நின்றாள். “சேர், எல்லாருக்கும் நல்ல வசனமா குடுத்தீங்க, எனக்கு மட்டும் ஏன் சேர் அது?” கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏறிப் பாய்ந்திருப்பேன், அவளோ பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். “சும்மா வாயிலை வந்த பேர் பிள்ளை, ஒண்டும் நினைக்காதேயும்” என்றேன். “சரிங்க சேர்.” அவ்வளவுதான். திங்கட்கிழமை ஹோட்டல் வரவேற்பு வேலைக்கு அவளுக்கு நேர்முகம், நாளைக்குத் தனியாக வந்து என்னோடு இங்கிலீஷில் பேசிப் பழகுவதாக ஏற்பாடு, இனி எந்த முகத்தோடு வருவாள், வராமல் விட்டால் அந்த வேலை என்னால்தானே போகும்... பேர் ஏன் வாயில் வந்தது? அம்மாவைப் போல இல்லை நான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து வீட்டில் அம்மாவின் சங்கிலி காணாமல் போன அன்றைக்கு அவர் முதலில் கூப்பிட்டது வேலாயியைத்தான், மலைத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவள், அவளுடைய உடுப்புப் பையை முற்றத்தில் கொட்டிப் பார்த்தார்கள், சங்கிலி பிறகு சோப்புப் பெட்டிக்குள் கிடந்தது, ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை... அம்மாவும் யோசித்தா கூப்பிட்டார், அவர் வாயிலும் சும்மாதானே வந்திருக்கும்?

பிரேக் போட்டதில் ஆட்கள் சரிய, முன் சீட்டில் யன்னலோரம் யசோதினி. இவ்வளவு நேரமும் இதே பஸ்ஸில்தானா? இப்போதே சொல்லிவிட வேண்டும், பிழைதான் பிள்ளை, நாளைக்குக் கட்டாயம் வாரும் என்று, ஆட்கள் கேட்டால் கேட்கட்டும்... வாயைத் திறக்க முதலே அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். இருப்பவர்கள் நிற்பவர்களின் சாமானை மடியில் வாங்கி வைப்பது இந்தப் பஸ்ஸுகளில் வழக்கம்தானே, அவளும் எட்டிக் கையை நீட்டினாள். “பேக்கத் தாங்க சேர், நான் வச்சுக்கறேன்.” மன்னித்துவிட்டாளா, இல்லை மரியாதைக்குத்தானா... “வேண்டாம் பிள்ளை, பரவாயில்லை, பாரமில்லை” என்று என் வாய் சொல்லிற்று. சங்கடத்தில் சொன்னதுதான், வேறொன்றுமில்லை, அவளுக்கு ஏன் கரைச்சல் என்றுதான். அதற்குள் அவளுக்குப் பக்கத்தில் இருந்த சிங்கள மனிசி “தென்ன மஹத்தயா” என்று கையை நீட்ட, பையைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் என் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. யசோதினி அந்த மனிசியின் மடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே அரை இறாத்தல் பாணும் ஒரு குடையும்தான் இருந்தன. அந்த மனிசியை நான் முன்பின் கண்டதேயில்லை.