வழியக் கூடாத மருந்து

அந்த மருந்துத் தொழிற்சாலையில் படுக்கைப் புண்ணுக்கான பேஸ்ட்டைப் பதினோரு வருடமாக அவள்தான் கலந்துவந்தாள். பாதிக்குப் பாதி வெள்ளைப் பொடி, மீதி மெழுகும் எண்ணெயும்.

புதிதாக வந்த மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. ட்யூபில் அடைக்கும் இயந்திரம் அடிக்கடி திணறி நின்றது.

"இதுல கொஞ்சம் லோஷனைக் கலந்து விடுங்க. சரசரன்னு ஓடும்."

"ஓடக் கூடாதுன்னுதானே சார் இதை பேஸ்ட்டா பண்றோம். லோஷன் எண்ணெயும் தண்ணியும் துளித்துளியா கலந்த பால்மம், சாய்ச்சா வழியும். இதுல பொடி நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது, அழுத்தினாத்தான் நகரும். ரெண்டையும் கலந்தா பிரிஞ்சிடும்."

"ரெண்டும் வெள்ளையாத்தானே இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார். அவள் விடுப்பில் இருந்த ஒரு நாள், வேறு ஆளை வைத்துக் கலந்து கடைகளுக்கும் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து எழுதிக் கொடுத்த ஆட்சேபம் யார் மேஜையிலோ கிடந்தது.

மூன்றாவது வாரம் அக்கா போன் செய்தாள். அத்தான் பக்கவாதத்தில் படுத்து ஒரு வருடமாகிறது.

"நீ கலக்குற மருந்துன்னு நம்பித்தானேடி வாங்கினேன்? காலையில தடவினா மத்தியானத்துக்குள்ள பெட்ஷீட்டுல கெடக்கு. புண்ணு ஊறிப்போச்சு."

வேலை முடிந்ததும் நேரே போனாள். ட்யூபை அழுத்தினால் முதலில் தண்ணீர், பிறகு திரிந்த பால் மாதிரி ஏதோ. அத்தானின் இடுப்பில் புண்ணைச் சுற்றிய தோல் வெளுத்து நைந்திருந்தது. அக்கா அவள் முகத்தையே பார்க்கவில்லை.

மறுநாள் காலை, அதிகாரிகள் கூடியிருந்த அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். ஒரு கண்ணாடித் தகட்டில் பழைய பேஸ்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தடவி நிமிர்த்திப் பிடித்தாள். பழையது அசையவில்லை. புதியது கோடு கோடாக இறங்கி மேனேஜரின் காகிதங்களில் சொட்டியது. அவர் பதறிப்போய்த் துடைத்தார்.

"காகிதம் நனைஞ்சதுக்கே இப்படித் துடைக்கிறீங்க. எங்க அத்தான் புண்ணுல வழிஞ்சதை யாரு சார் துடைப்பா?"

"உங்களை யாரு உள்ள விட்டது?" என்றார் மேனேஜர்.

தரப் பிரிவு அதிகாரி அவள் கையிலிருந்த புது ட்யூபை வாங்கிப் படித்தார். "பேஸ்ட்னுதானே போட்டிருக்கு? லோஷன் கலக்கச் சொன்னது யாரு?"

மேனேஜர் நனைந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார்.

அன்றே கலவை நிறுத்தப்பட்டது. கடைகளில் இருந்ததைத் திரும்ப எடுத்தார்கள். மேனேஜரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது அவளுக்கு, அனுமதியில்லாமல் கூட்டத்துக்குள் நுழைந்ததற்காக. மன்னிப்புக் கேட்டு எழுதினால் போதும் என்றார்கள்.

அவள் எழுதவில்லை. அத்தானின் புண்ணைப் படம் எடுத்து, கடிதத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினாள்.