பின்பாதி

காலிச் சவப்பெட்டியை மாட்டுவண்டியிலிருந்து இறக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தபோது சாமுவேல்ராஜின் தாடைக்கட்டு மறுபடியும் நெகிழ்ந்திருந்தது. அவர் மனைவி நேசம்மாள் குனிந்து, உச்சந்தலையில் இருந்த முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. கட்டியதும் வாய் மூடிக்கொள்ளும். சற்று நேரத்தில் பழையபடி கொஞ்சம் திறந்துகொள்ளும், எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறவரைப் போல.

"நாலு மணிக்குக் கோயில் மணி அடிச்சதும் பெட்டியை மூடிரணுமாம் மைனி. உபதேசியார் சொல்லிட்டாவ" என்றாள் நாத்தனார் எஸ்தர்ராணி.

நேசம்மாள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால்.

கழுகுமலை பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தவர் சாமுவேல்ராஜ். கோவில்பட்டியில் பஸ் ஒன்றரை மணி நேரம் நிற்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் பார்க்காத படம் கிடையாது. எந்தப் படத்தையும் இடைவேளைக்கு மேல் பார்த்ததும் கிடையாது. கொட்டகையிலிருந்து ஓடிவந்து படியில் தொற்றிக்கொண்டுதான் விசில் ஊதுவார். மீதிக் கதையைப் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வார். "டிக்கெட்டு எங்க ஓடிப்போகுது அண்ணாச்சி, அவ அண்ணனைக் கண்டுபிடிச்சாளா இல்லியா, மொதல்ல அதைச் சொல்லும்." இதற்காகச் சபையில் இரண்டு தடவை கண்டித்தார்கள். வீட்டில் நேசம்மாள் கண்டித்ததற்குக் கணக்கில்லை. கொட்டகை இருக்கிற திசையில் தலைவைத்துப் படுக்காதவள் அவள்.

நெஞ்சுநோய் வந்து எட்டு மாதமாகப் படுக்கை. கதை சொல்ல ஆளில்லாமல் போயிற்று. போன வாரம் டிரைவர் தங்கச்சாமி பார்க்க வந்தபோது ஒரு ரோஸ் கலர் நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார். 'வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள்! வாய்விட்டு அழுவீர்கள்!'

"ஒரே ஒரு படத்தையாவது முழுசாத் தெரிஞ்சுக்கிடணும் ஏட்டி" என்றார் சாமுவேல்ராஜ். "சனிக்கெழமை மருந்து வாங்கத்தானே போறே? அப்படியே பாத்துட்டு வந்து சொல்லு. சாமி கோவிச்சுக்கிட்டா எம்பேரைச் சொல்லிரு."

போனாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் பெஞ்சில் கடைசியில் உட்கார்ந்தாள். படம் அவளுக்கு ஒட்டவே இல்லை. திரையில் ஒரு தாய் செத்துப்போகிறாள்; இவள் கண்ணைத் துடைப்பதற்குள் ஒரு கோமாளி பருத்திப் பொதிமேலிருந்து வழுக்கி விழுகிறான். கொட்டகையே சிரிக்கிறது. சிரிப்பு அடங்குமுன் மறுபடியும் ஒரு சாவு. எழவு வீட்டில் குட்டிக்கரணம் போட்டதுபோல இருந்தது. இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் எழுந்து வந்துவிட்டாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் நேரமாகவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து வறுகடலை தின்றாள். அந்தக் கடலையின் உப்பு இன்னும் நாக்கில் இருப்பதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்து மருந்தைக் கொடுத்துவிட்டுக் கதை சொன்னாள். சாவுகளை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கோமாளி பொதியிலிருந்து விழுந்ததை மட்டும் மூன்று தடவை சொல்லச் சொன்னார். சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. அந்தக் கோமாளி பஞ்சுமில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள அலைகிறான். அவள் வீட்டார் விரட்டுகிறார்கள்.

"பொறவு? அவனுக்குக் கல்யாணம் ஆச்சா?"

ஆச்சு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வரவில்லை. பாதியில் எழுந்து வந்ததைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"பெரிய படம்! ஒண்ணும் நல்லால்ல. நாளைக்குச் சொல்லுதேன், படுங்க."

"இதை மட்டும் சொல்லிரு. பாக்கியை நாளைக்குக் கேட்டுக்கிடுதேன்."

"ரெண்டு பிள்ளை பெத்த ஆம்பளைக்குக் கோமாளி கல்யாணந்தான் கொறைச்சல்" என்று சொல்லி விளக்குத் திரியை இறக்கினாள்.

காலையில் கருப்பட்டிக் காப்பியோடு வந்து எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

ரோட்டில் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. தங்கச்சாமி காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தார். சாமுவேல்ராஜைக் கிடத்தியிருந்த பெட்டியின் அருகே கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வண்டி நெறைய ஆளு தங்கச்சி. எல்லாரும் இவரு கையில டிக்கெட்டு வாங்குனவங்கதான், போய்ப் பாத்துட்டு வாரும்னு சொல்லிட்டாங்க. அஞ்சு நிமிசந்தான்."

அவர் வெளியே போகத் திரும்பியபோது நேசம்மாள் பின்னாலேயே போனாள். நடைக்கு வெளியே உபதேசியார் தேவஆசீர்வாதம் பாட்டுப் புத்தகத்தோடு நின்றார். அவர் நகர்வதற்காக அவள் காத்திருந்தாள். அவர் நகரவில்லை. தங்கச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, அந்த நோட்டீஸு குடுத்தியளே, அந்தப் படம் நீங்க பாத்தியளா?"

தங்கச்சாமி உபதேசியாரைப் பார்த்தார். "பாத்தேன்."

"முழுசாவா?"

"நேசம்மா, என்ன பேச்சு இது, இந்த நேரத்துல?" என்றார் உபதேசியார்.

"நேத்து நான் போனேன் ஐயா. அவிய கேட்டாவன்னு போனேன். பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்."

உபதேசியார் குரலைத் தணித்து, "பாதியில வந்தியே, அதுவரைக்கும் நல்லதும்மா" என்றார்.

நேசம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. "அந்தக் கோமாளிக்குக் கல்யாணம் ஆச்சா அண்ணாச்சி?"

தங்கச்சாமி யோசித்தார். "கடைசியில கோர்ட்டு, ஜெயிலுன்னு ஒரே அழுகை. பிரிஞ்ச குடும்பம் ஒண்ணு சேர்ந்துட்டு."

"கோமாளி?"

"அவன்..." பிடரியைச் சொறிந்தார். "அவன் பின்பாதியில வரவேயில்லையே தங்கச்சி. அந்த மில்லுப் பிள்ளையும் வரலை. எடுத்தவன் மறந்தே போயிட்டான் போலிருக்கு."

"ஒரு எடத்துலகூடவா?"

"ஒரு எடத்துலகூட இல்ல."

பஸ்ஸில் ஏதோ ஒரு குழந்தை ஹாரனை அமுக்கியது. பெரியவர்கள் அதட்டுவது கேட்டது. தங்கச்சாமி தலையைக் குனிந்துகொண்டு போனார்.

கோயில் மணி அடித்தது. தச்சர் ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மூடியை எடுத்து வந்தார். "கடைசியாப் பாத்துக்கிடுறவங்க பாத்துக்கிடுங்க" என்று எஸ்தர்ராணி அழுதுகொண்டே சொன்னாள். பிள்ளைகள் இருவரும் அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டார்கள். கடைசியாக நேசம்மாள் முழங்காலிட்டு அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"ஆச்சு" என்றாள். "பொண்ணு வீட்டுல சம்மதிச்சிட்டாவ."

தச்சர் நகரவில்லை. அவள் இன்னும் குனிந்தாள்.

"மில்லு மொதலாளியே முன்ன நின்னு நடத்தி வச்சாரு. பந்தியில எலையைத் தூக்கிட்டு ஓடி வந்தான், ரசத்துல வழுக்கி விழுந்தான். அவளுக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. தாலி கட்டின அன்னைக்கே இப்படியான்னு..."

"ஜெபம் பண்ணுதா, சத்தம் போடாதீங்க" என்று பின்னாலிருந்த ஒருத்தி கிசுகிசுத்தாள்.

தாடைக்கட்டு மறுபடியும் நெகிழ்ந்து வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எஸ்தர்ராணி கட்டை இறுக்கக் கையை நீட்டினாள். நேசம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.