அடிக்குறிப்பில் அக்கா

ஒரு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதற்குள் அந்த வரி திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது.

மேட்ரன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே மேஜை மேல் இருந்த கணினியைக் குனிந்து பார்த்தார். இப்போதுதான் அதை அழித்து, அந்த இடத்தில் நல்லதாக நாலு வார்த்தை எழுதிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தார். நல்ல வார்த்தைகளைக் காணோம். கல்லெறிந்து விரட்டினாலும் அதே கம்பிக்குத் திரும்பும் காக்கை மாதிரி பழைய வரி அங்கே இருந்தது.

'இறுதி ஆட்டத்தில், தோல்விக்குப் பயந்து காயம் பட்டதாக நடித்துக் களத்தை விட்டு வெளியேறினார் என்ற பேச்சு உண்டு.'

பெரிய மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றும் வீட்டுக்கும் தெருவுக்கும் இன்னும் மேட்ரன்தான். அந்த வரி சொல்வது அவருடைய ஒரே தம்பியைப் பற்றி. ஒரு காலத்தில் கால்பந்தாட்டத்தில் கோல் காத்தவன். இப்போது கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் தம்பிக்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது மேட்ரனுக்கு உச்சி குளிர்ந்தது. படித்தபோது அதே உச்சியில் தீப்பிடித்தது.

அந்த ஆட்டத்தில் தம்பிக்கு விரல் உடைந்தது. ஆடுகளத்து ஓரத்து அறையில் அவனை உட்காரவைத்துக் கட்டுப் போட்டதே மேட்ரன்தான். விலகி நின்ற எலும்பைத் தொட்டுப் பார்த்தவர். அதைப் போய் நடிப்பு என்று எவனோ எழுதியிருக்கிறான். எழுதியவன் யாரென்று தெரியவில்லை. ஆனால் அவர் அழிக்க அழிக்கப் பழையபடி ஆக்கிவைப்பவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அங்கே எல்லாருக்கும் புனைபெயர்தான். அவன் பெயர் 'உப்புக்கல்'.

கட்டுரைக்குப் பின்னால் உரையாடல் பக்கம் என்று ஒன்று உண்டு. சண்டையெல்லாம் அங்கேதான். உப்புக்கல் அங்கே எழுதியிருந்தான்: 'நீக்குவதற்குக் காரணம் எழுதுங்கள். புகழுரை சேர்க்காதீர்கள். அந்த வரிக்குச் சான்று தேவை என்று நானே குறியிட்டிருக்கிறேன், தேடிக்கொண்டும் இருக்கிறேன்.'

மேட்ரன் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார்: 'நான் அவன் அக்கா. கட்டுப் போட்டவள். இதைவிட என்ன சான்று வேண்டும்?'

'உங்கள் உறவை மதிக்கிறேன். ஆனால் நேரில் பார்த்தது இங்கே சான்றாகாது. அச்சில் வந்திருக்க வேண்டும். உறவினர்கள் கட்டுரையில் நேரடியாகக் கை வைக்காமல் இருப்பதும் இங்கே மரபு.'

அதைப் படித்துவிட்டு மேட்ரன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். மரபாம். எழுபது வயதில் தனக்கு மரபு சொல்லிக்கொடுக்க ஒருவன் முளைத்திருக்கிறான். நின்றபடியே குனிந்து பதில் தட்டினார்: 'உன்னைப் பெற்றவர்கள் உனக்கு மரபு கற்றுக்கொடுத்த லட்சணம் தெரிகிறது. உப்பு என்று பெயர் வைத்துக்கொண்டால் போதாது. சோற்றில் போட்டுத் தின்னவும் வேண்டும்.'

சாயங்காலம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்த மகள் கணினியைப் பார்த்துவிட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மா, உன்னைத் தடை பண்ணிட்டாங்க."

"என்னையா? யாரு?"

"நிர்வாகின்னு ஒருத்தர். ஒரு வாரம் நீ எதுவும் எழுத முடியாது. ஆளைத் திட்டினதுக்கு."

"எங்கடி திட்டினேன்? உள்ளதைச் சொன்னேன். என் வார்டுல டாக்டருங்களே என்னைக் கேட்டுக்கிட்டுத்தான் உள்ள வருவாங்க."

"அது உன் வார்டு. இது பொதுக்கிணறும்மா. எல்லாரும் வாளி போடுவாங்க."

"அதான் சேறாக் கிடக்கு."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க பாரு. உயிரோட இருக்கறவங்களைப் பத்தி ஆதாரம் இல்லாம தப்பா எழுதக்கூடாதுன்னு அவங்களே விதி வெச்சிருக்காங்க. தடை முடிஞ்சதும், 'இதுக்கு ஆதாரம் இல்லை, தயவுசெஞ்சு எடுத்துடுங்க'ன்னு அந்த ஆள்கிட்ட ஒரு வரி கேளு. எடுத்துடுவாரு."

"கேக்கறதா? நம்ம வீட்டு மானத்துக்கு முகம் தெரியாதவன்கிட்ட நான் மனுப் போடணுமா?"

"முகம் தெரியாதது நல்லதுதானே. வெக்கம் இருக்காது."

"வெக்கப்பட வேண்டியது அவன்."

"சரி, நான் கேக்கட்டுமா?"

"நீ கேட்டா அது நம்ம வீடு கேட்டதாகாதா? வேலையைப் பாரு."

தடை போட்டாலும் படிக்க முடியும். அதுதான் கொடுமை. பூட்டிய கதவின் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பது போல, மேட்ரன் நாளெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தார். வரி இருந்தது. மடித்த துணியை உதறி மறுபடி மடித்தார். வந்து பார்த்தார். வரி இருந்தது. தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் திரும்பினார். இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அந்த வாய் சொன்னது காற்றோடு போய்விடும், இது போகாது. இன்னும் பிறக்காத பிள்ளைகூட ஒருநாள் தம்பியின் பெயரைத் தட்டிப் பார்த்தால் முதலில் முழிப்பது இந்த வரியில்தான். உரையாடல் பக்கத்தை மட்டும் அவர் திறக்கவேயில்லை. தன் வாயைக் கட்டிவிட்டு மற்றவர்கள் பேசுகிற இடத்தை எட்டிப் பார்ப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று பட்டது.

அப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான் அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. அச்சில் வந்திருக்க வேண்டும் என்றானே! வந்துவிட்டால்?

நாளிதழ் அலுவலகத்தில் இருந்த துணையாசிரியர், குடல்வால் அறுவைக்குப் பிறகு மேட்ரனின் வார்டில் கிடந்து, கஞ்சி வேண்டாம் என்று முரண்டு பிடித்து வாங்கிக் கட்டிக்கொண்டவர். இப்போதும் மேட்ரன் நுழைந்ததும் எழுந்து நின்றார். மேட்ரன் மணி மணியாகச் சொன்னார். என்ன பழி, யார் மேல் பழி, ஏன் பொய், ஒன்றையும் விடவில்லை. நோய் என்னவென்று சொல்லாமல் மருந்து சொல்ல முடியுமா?

மூன்றாம் நாள் ஐந்தாம் பக்கத்தில், படத்தோடு வந்தது: 'என் தம்பி பயந்து ஓடவில்லை.' மேட்ரன் நாளிதழைப் பிரித்து மகளின் காலை உணவுத் தட்டை நகர்த்திவிட்டு அங்கே வைத்தார்.

"அச்சு கேட்டான் இல்ல? இந்தா அச்சு."

மகள் படித்தாள். முகம் மாறியது. கைப்பேசியை எடுத்து எதையோ தேடினாள்.

"அம்மா, நீ உரையாடல் பக்கத்தைப் பார்க்கவே இல்லையா?"

"எனக்கென்ன வேலை அங்க?"

மகள் கைப்பேசியை நீட்டினாள். நேற்று உப்புக்கல் எழுதியிருந்தான்: 'நூலகத்தில் பழைய செய்தித்தாள்களை எல்லாம் பார்த்துவிட்டேன். நடித்தார் என்று எங்கும் இல்லை. நாளை மாலை வரியை நீக்கிவிடுகிறேன்.' அதன் கீழே, இன்று காலையில், 'தேனீ' என்ற வேறொருவர்: 'நீக்க வேண்டாம். சான்று கிடைத்துவிட்டது. இன்றைய நாளிதழ், பக்கம் ஐந்து.'

கட்டுரையில் வரி வளர்ந்திருந்தது. 'காயம் பட்டதாக நடித்துக் களத்தை விட்டு வெளியேறினார் என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக இருந்துவருகிறது. அதை அவருடைய அக்கா மறுத்துள்ளார்.' சான்று தேவை என்ற குறி போய்விட்டது. அந்த இடத்தில் பொடியாக ஒரு எண். அதைத் தொட்டால் பக்கத்தின் அடியில் குறிப்பு: நாளிதழின் பெயர், தேதி, மேட்ரனின் சொந்த வார்த்தை.

"இத்தனை நாளா ஆதாரம் இல்லாம அந்தரத்துல தொங்கிட்டிருந்துச்சும்மா," என்றாள் மகள் மெதுவாக. "இப்ப நீதான் ஆதாரம்."

மேட்ரன் செருப்பை மாட்டிக்கொண்டார். எங்கே என்று மகள் கேட்டது காதில் விழவில்லை. பேருந்துக்கு நிற்கப் பொறுமையில்லாமல் கடைத்தெரு வரைக்கும் நடந்தே போனார்.

தம்பி கடையில் ஒரு வில்லையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நேராகச் சேராத அந்த விரல் மட்டும் தனியாக விறைத்து நின்றது.

"வா அக்கா. உக்காரு."

"உக்கார வரலை. பார்த்தியா?"

"பார்க்காம? காலையிலேர்ந்து கண்ணாடி வாங்க ஒருத்தன் வரலை. எல்லாரும் விரலைப் பார்க்கத்தான் வர்றாங்க." சிரித்தான். பிறகு வில்லையைத் துணியில் வைத்தான். "பழைய ஆட்டக்காரங்க நாலு பேருக்குள்ள இருந்த பேச்சுக்கா அது. சும்மா கிடந்த சங்கை ஊதிட்டியே."

"ஊதினது நானா? உன்னைக் கோழைன்னு எழுதினவனை விட்டுட்டு…"

"அவன் எழுதினதை எத்தனை பேர் படிச்சிருப்பாங்க? நீ சொன்னதை ஊரே படிச்சிருக்கு." அவன் குரல் தாழ்ந்தது. "வீட்டுக்கு வந்த மருமக எதிர்ல வெச்சே கேக்கறான் ஒருத்தன், 'நெஜமாவே ஒடைஞ்சுதா'ன்னு. நான் என்ன பண்ண, எக்ஸ்ரே எடுத்துக் கழுத்துல மாட்டிக்கவா?"

மேட்ரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய சுவர் முழுக்க அவர் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

"என் பேருக்குப் பக்கத்துல என்ன வேணா இருக்கட்டும்," என்றான் தம்பி. "உன் சண்டை இருக்க வேணாம்க்கா."

தடை நீங்கிய அன்று காலை மேட்ரன் கணினி முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார். எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து எழுதினார். கடைசியில் உரையாடல் பக்கத்தில் ஏறியது இவ்வளவுதான்: 'என் மறுப்பைப் பழிக்குச் சான்றாக வைத்திருக்கிறீர்கள். அதற்கு முன் சான்று இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். தயவுசெய்து இரண்டையும் எடுத்துவிடுங்கள். உங்கள் பெற்றோரைப் பற்றி எழுதியது தவறு.' தயவுசெய்து என்பது, ஊசி போடும்போது கையை நீட்டச் சொல்லிக்கூட அவர் யாரிடமும் சொல்லாத வார்த்தை.

தேனீ விடவில்லை. அச்சில் இருக்கிறதே என்றார். உப்புக்கல் பதில் எழுதினான்: 'மறுப்பு என்பது பழிக்குச் சான்றாகாது. இப்படியே போனால், திருடவில்லை என்று சொன்னவனை எல்லாம் திருடன் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும்.' மேட்ரன் அதை இரண்டு தடவை படித்தார். பயல் நன்றாகத்தான் பேசுகிறான்.

வேறு சிலரும் வந்து வாதாடினார்கள். முடிவில் உப்புக்கல் ஒரு வரி முன்வைத்தான்: 'இறுதி ஆட்டத்தில் காயம் காரணமாக இடையில் வெளியேறினார்.' பழைய ஆட்டச் செய்தி ஒன்றில் இருந்தது அது. பழியும் போகும், மறுப்பும் போகும், புகழும் கிடையாது. 'அக்கா அவர்களுக்குச் சம்மதமா?' என்று கேட்டிருந்தான்.

'காயம் என்பதை விரல் முறிவு என்று எழுதலாமா?'

'அந்தச் செய்தியில் காயம் என்று மட்டுமே இருக்கிறது. மன்னிக்கவும்.'

அன்று தம்பிக்குக் கட்டுப் போட்ட அந்தக் கை 'முறிவு' என்று தட்டி, அதை அழித்தது. பிறகு தட்டியது: 'சம்மதம்.'

மாலைக்குள் மாற்றிவிட்டார்கள். மேட்ரன் படித்தார். மொட்டை வரி. கஞ்சியில் உப்பில்லாத மாதிரி இருந்தது. 'இடையில்' என்பதற்கு முன்னால் 'மனமில்லாமல்' என்று ஒரே ஒரு சொல் சேர்த்தால் என்ன? பொய்யில்லையே. விரல் 'திருத்து' என்ற சொல்லுக்கு நேரே போய் நின்றது.

"அம்மா!" என்றாள் மகள் உள்ளே இருந்து. "கையை எடு."

"எடுத்துட்டேன்டி."

எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த தம்ளரை எடுத்து மறுபடி கழுவினார். வந்து பார்த்தார். வரி அப்படியே இருந்தது, யாரும் தொடவில்லை. மேட்ரன் நிற்காமல் இன்னொரு தம்ளரைத் தேடிப் போனார்.