குட்டியானையில் போன கொடைக்கானல்

பொன்னழகுக்கு விடியற்காலையிலிருந்தே அடிவயிறு பிடுங்கியது. குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியின் பின்தட்டில் மெத்தை விரித்து, மேலே படுதா கட்டியிருந்தார்கள். இரண்டு நாளாய் அதுதான் வீடு. முதல் ராத்திரி வைகை அணைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில். அடுத்த ராத்திரி வத்தலக்குண்டுப் பக்கம், மலையடிவாரத்தில். அடுப்பு, அரிசி, தண்ணீர்க் குடம் எல்லாம் அவள் கால்மாட்டில் கிடந்தன.

அடுத்த வாரம் அவளுக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன். கட்டி பரவிவிட்டதாக டாக்டர் அவள் புருஷன் நல்லுசாமியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதற்குள் கொடைக்கானலைப் பார்த்துவிட வேண்டும் என்றாள் அவள். சித்தாள் வேலைக்குச் சாரம் ஏறும்போதெல்லாம் தூரத்தில் அந்த மலையைப் பார்த்தவள். வண்டி அவள் தம்பி மகன் விக்னேஷ்குமாருடையது. "டீசல் மட்டும் போடு மாமா" என்று கிளம்பிவிட்டான்.

மலை ஏறும் இடத்தில் போலீஸ்காரர் படுதாவைத் தூக்கிப் பார்த்தார்.

"சரக்கு வண்டியில ஆளை ஏத்திக்கிட்டு மலை ஏறக் கூடாது. முன்னால வேணா ஒருத்தர் உக்காரலாம்."

"அவளால உக்கார முடியாது சார். படுத்துக்கிட்டேதான் வரணும்."

"அப்ப கார் பிடிங்க."

காருக்குக் கொடுக்கக் காசு இருந்தால் குட்டியானையில் ஏன் வருகிறார்கள். நல்லுசாமிக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே புதிதாய் இருந்தது.

"இத்தன வருசமா இந்த மாதிரி வண்டியிலதான் சார் கம்பியும் நாங்களுமா வேலைக்குப் போறோம். ஒருத்தரும் கேக்கலையே."

"கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார்.

வண்டி திரும்பியது. திண்டுக்கல் நெருங்கும்போது விக்னேஷ்குமார்தான் தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"அத்தே, திண்டுக்கல்லையாச்சும் சுத்திப் பாப்பமா?"

"ஏலே, திண்டுக்கல்லு நான் பாக்காததா? பாதி ஊரு என் தலையில ஏறித்தான் மாடிக்குப் போச்சு."

ஆனாலும் படுதாவை ஒரு பக்கம் சுருட்டிவிடச் சொன்னாள். மலைக்கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். படுத்தபடி பார்த்ததில் அவளுக்குப் பாறை மட்டும்தான் தெரிந்தது. பிரியாணிக் கடை வாசலில் வாசனைக்கே குமட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் போய்த் தின்னுட்டு வாங்கய்யா" என்றாள். இருவரும் போகவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"இது எங்க மேஸ்திரி எடுத்த வேலை. நாலாவது மாடிக்கு நாந்தேன் சாந்துச்சட்டி சுமந்தேன். தளம் போட்டதோட சரி, உள்ள போனதில்ல."

நல்லுசாமி கைத்தாங்கலாக இறக்கினான். சட்டி சுமந்து ஏறிய மாடிக்கு லிஃப்டில் போனாள். கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பட்டுச் சேலை பாக்குறீங்களாம்மா?" என்றாள் கடைப்பெண்.

"இல்ல தாயி. செத்த நேரம் குளிரு பாத்துட்டுப் போறேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அப்ப அங்கிட்டு உக்காருங்க. பெரிய ஏசி அங்கதான் இருக்கு."

சோபாவில் அவளை மெல்லச் சாய்த்தார்கள்.

"கொடைக்கானல்லயும் இம்புட்டுத்தான் குளிருமாய்யா?"

"இம்புட்டுத்தேன்."

"நீ எப்பப் போன?"

நல்லுசாமி ஏசியைப் பார்த்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு வலியில் முடிந்தது.

"கடை ஏசியக் காட்டிக் கணக்க முடிச்சிராத. எனக்கு ஒரு கொடைக்கானல் பாக்கி."

"ஆபரேஷன் முடியட்டும். கார்லயே கூட்டிட்டுப் போறேன்."

"உக்காந்துக்கிட்டா?"

"உக்காந்துக்கிட்டுத்தேன் புள்ள."

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் எழுந்து உட்காரவே இல்லை. தை பிறக்கும் முன்னே போய்விட்டாள்.

சொந்த ஊரான வடமதுரையின் சுடுகாட்டுக்கு அதே குட்டியானையில்தான் கொண்டுபோனார்கள். பின்னால் அவளைப் படுக்க வைத்து, சுற்றி ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மெயின் ரோட்டைக் கடக்கும்போது போலீஸ்காரர் ஒருவர் மற்ற வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்.

பொன்னழகுக்கு நல்லுசாமி தரவேண்டிய கொடைக்கானல் இன்னும் பாக்கி.