எச்சில் சுருட்டு

கணபதிராமன் எதையும் உதட்டில் வைத்துக் குடித்தவரில்லை. காபியானாலும் மோரானாலும் தம்ளரைத் தூக்கி அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வார். மைசூர் ரயில்வே ஆபீஸ் கேன்டீனில் பீங்கான் கப்பைப் பார்த்தாலே, எத்தனை மீசை இதில் முழுகி எழுந்ததோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இத்தனை வருஷ சர்வீசில் ஆபீசில் ஒரு வாய் காபி குடித்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குளித்து விபூதி இட்டுக்கொண்டு, தன் வீட்டுக் கூடத்தில் ஒரு சுருட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

கொண்டுவந்தவர் நாராயணஸ்வாமி, சர்க்கரை ஆலையில் பெரிய இன்ஜினியர். மாநிலத்துக்குக் கர்நாடகா என்று பெயர் மாறி, ஆபீஸ் போர்டுகளில் பெயின்ட் வாசனை போகாத காலம் அது. கரும்பாலைகளைப் பார்த்து வரச் சொல்லி அவரை க்யூபாவுக்கு அனுப்பியிருந்தார்கள். மனுஷர் கரும்பைப் பார்த்தாரோ இல்லையோ, புகையிலையை நன்றாகப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் அவரை ஏன் என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

அவருடைய பிள்ளை சேஷுவுக்குத்தான் கணபதிராமனின் பெண் அன்னபூர்ணியைப் பேசியிருந்தது. ஜாதகம் சேர்ந்துவிட்டது, இரண்டு பேருக்கும் பிடித்தும் போயிற்று. இன்றைக்குத் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டால் கல்யாணம் நிச்சயம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் அன்னபூர்ணிக்கு இருபத்தேழு நடக்கிறது. வந்த வரனெல்லாம் ஏதோ ஒரு நொட்டைச் சொல்லில் நழுவிக்கொண்டே போயிருந்தது. "இது ஒண்ணையாவது உங்க ஆசாரத்தால கெடுத்துடாதேங்கோ" என்று பாலாம்பாள் கணவரிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

"கடையில வாங்கினதில்லை, ஓய். என் கண்ணெதிர சுத்தினது" என்றார் நாராயணஸ்வாமி, தகர டப்பாவைத் திறந்தபடி. "ஒரு கிழவி, தொடையில வெச்சு உருட்டி உருட்டிக் கொடுத்தா. ஈரம்கூட இன்னும் காயலை. நோடி, பாருங்கோ."

தொடையில் என்றதும் கணபதிராமன் சற்றுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். டப்பாவுக்குள் ஈரத்துணியில் சுற்றிக் கிடந்த வஸ்துவைப் பார்க்கவும் அவருக்குச் சகிக்கவில்லை. மழையில் நனைந்த கோணி மூட்டையும் மாட்டுக்கொட்டிலும் சேர்ந்த வாடை. பட்சண வாசனையெல்லாம் அதற்குள் ஓடி ஒளிந்துகொண்டது.

"மோந்து பாருங்கோ. முதல்ல தேன், அப்புறம் கோகோ, அடியில பழைய தோல். தெரியறதோ?"

தோல் மட்டும் தெரிந்தது. "தெரியறது" என்றார் கணபதிராமன்.

நாராயணஸ்வாமி சுருட்டின் நுனியைப் பல்லால் கடித்து, கடித்ததைக் காபி தபராவில் துப்பினார். அன்னபூர்ணி அன்று காலை புளி போட்டுத் தேய்த்து வைத்த தபரா. பற்றவைத்து நாலு இழுப்பு இழுத்து, கண்ணை மூடி, சுவாமி தரிசனம் ஆனவர்போல் தலையை ஆட்டினார். பிறகு அதை அப்படியே நீட்டினார். நுனி பளபளவென்று நனைந்திருந்தது.

"சம்பந்தி ஆகப்போறோம். ஒரு இழுப்பு இழுத்து எப்படின்னு சொல்லுங்கோ."

கணபதிராமன் சமையலறை வாசலைப் பார்த்தார். பாலாம்பாளின் கண் கெஞ்சியது. சுருட்டை வாங்கி விரலிடுக்கில் செருகினார். கையைக் குவித்து முஷ்டியாக்கி, கட்டைவிரல் பக்கத்து ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சினார். எச்சில் படாமல் தப்பிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். தூக்கிக் குடிக்கிற மனிதரால் சுருட்டைத் தூக்கிக் குடிக்க முடியவில்லையே.

நாராயணஸ்வாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். "என்ன ஓய், கஞ்சாச் சாமியார் மாதிரி! இலை வேற பிரிஞ்சுடுத்து பாருங்கோ." சுருட்டைப் பிடுங்கினார். மேலிலை ஓரத்தில் விட்டுக்கொண்டு வந்திருந்தது. "அங்கே இதை ஒட்டப் பசை வெச்சிருக்கா. நமக்குத்தான் நாக்கு இருக்கே." சொல்லிவிட்டு, நாக்கை முழுசாக நீட்டி, சுருட்டைக் கங்குக்குக் கீழிருந்து நுனிவரை நிதானமாக நக்கினார். விரலால் நீவி ஒட்டினார். திரும்ப நீட்டினார்.

"இப்போ வாயில வைங்கோ."

பெண்ணின் வயசு ஞாபகம் வந்தது. கணபதிராமன் வாயில் வைத்தார்.

வெதுவெதுப்பும் வழுவழுப்பும்தான் முதலில் தெரிந்தது. பிறகுதான் புகை. எரிந்த கோணி, கசந்த வேப்பெண்ணெய், இன்னொரு மனுஷன் வாய். எல்லாம் ஒன்றாக நாக்கில் ஏறி உட்கார்ந்தது.

"சென்னாகிதே அல்வா?" என்றார் நாராயணஸ்வாமி. நல்லாயிருக்கில்லையா என்று கன்னடத்தில் கேட்டாலும் அதற்கு ஒரே பதில்தான் உண்டு.

"அமிர்தம்" என்றார் கணபதிராமன். எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

குழாயடியில் குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தார். உப்பைப் போட்டுக் கொப்பளித்தார், கரியைப் போட்டுத் தேய்த்தார். அந்த வழுவழுப்பு போகவில்லை. சுருட்டைவிட 'அமிர்தம்' என்று சொன்ன தன் வாய்தான் அவருக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

அன்னபூர்ணி சொம்போடு பின்னால் நின்றிருந்தாள். "எனக்காகத்தானே அதை வாயில வெச்சுண்டே?"

அவர் சொம்பை வாங்கி மறுபடி கொப்பளித்தார்.

"நாளைக்கு அந்தாத்துல எனக்கு எதையாவது நீட்டினா நான் என்னப்பா சொல்றது? அமிர்தம்னுதானா?"

கணபதிராமன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அன்னபூர்ணி நிலைப்படியருகே நின்றாள். நாராயணஸ்வாமி இன்னும் புகைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு இழுப்பு?"

"வேண்டாம். எனக்கு அது குமட்டித்து. முதல்லயே சொல்லியிருக்கணும்."

பாலாம்பாள் உள்ளே நெற்றியில் அடித்துக்கொண்டது கேட்டது. ஆனால் நாராயணஸ்வாமிக்குக் கோபம் வரவில்லை. இளப்பமாகத்தான் சிரித்தார். "ரசிக்கத் தெரியணும், ஓய். டேய் சேஷு, நீ சொல்லு."

சேஷு அதுவரை வாயே திறக்காமல் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தவன். புகை வந்தபோதெல்லாம் மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்ததை அன்னபூர்ணி பார்த்திருந்தாள். பார்க்கப் பார்க்க அவன்மேல் அவளுக்குப் பிரியம் கூடியும் இருந்தது. அப்பா நீட்டிய சுருட்டை அவன் பார்த்தான். ஊறி, கறுத்து, நுனி நைந்து போயிருந்தது. அவளை நிமிர்ந்து பார்த்தான். வேண்டாம்ப்பா என்று ஒரு வார்த்தை. அதற்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சேஷு அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டான். கண்ணில் ஜலம் முட்டியது. இருமலை அடக்கிக்கொண்டு, "நன்னா இருக்குப்பா" என்றான்.

அன்னபூர்ணி நடுவில் வந்து குனிந்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் எல்லாம் அடுக்கியிருந்த தாம்பாளத்தைப் பூ உதிராமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாராயணஸ்வாமி சாம்பலைத் தபராவில் தட்டிவிட்டு மணி பார்த்தார். "ராகுகாலம் வந்துடும் ஓய். தட்டு எங்கே?"

"உள்ள போயிடுத்து" என்றார் கணபதிராமன். "இனிமே வராது."