பந்துதொரை

கரிப்பெட்டியில் கனல் நன்றாகப் பிடித்திருந்தது. அழகாயி துரையின் பழைய பச்சை ஆட்டச் சட்டையைப் பங்களாக் குசினி மேசையில் விரித்துப்போட்டு, பெட்டியை அதன் நெஞ்சுக்கு மேலே பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். வைத்துவிட்டு எடுக்காமல் இருந்தால் போதும். பொசுங்குகிற வாசம் முன்னறை வரைக்கும் போகும். துரை ஓடி வருவான், கத்துவான், பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே விரட்டுவான். அதோடு முடிந்துபோகும். அப்படி முடிந்துபோவதில் அவளுக்கு விருப்பமில்லை. ஈரத்துணியை மேலே போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்து மடித்து வைத்தாள்.

பின்னேரம் விருந்தாளிகள் வருகிறார்கள். துரையோடு ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவுக்காக ரக்பிப் பந்து விளையாடியவர்கள். லண்டனுக்குப் போகிற கப்பல் கொழும்பில் நிற்கும்போது, பழைய சிநேகிதனைப் பார்க்க எல்கடுவைக்கு ஏறி வருகிறார்களாம். சமையல்காரர் செல்லையா அப்பு ஒரு வாரமாக இதே பேச்சாக இருந்தார்.

துரையின் பேர் கார்மொடி. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் அவனுக்குப் பேர் பந்துதொரை. யுத்தம் முடிந்த கையோடு தன் நாட்டுக்காக ஆடியவன். இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் போய் வந்தவன். முன்னறைச் சுவர் முழுக்கப் படங்கள்: சேற்றில் புரள்கிறவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறவர்கள். ஒரு படத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இருப்பவர் கையில் பலாக்கொட்டை மாதிரிப் பந்து, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இவன். படங்களைத் தினமும் துடைக்கிறவள் அழகாயிதான். அந்த முகத்தின் மேல் துணி போகும்போது மட்டும் அவள் கை அழுத்தித் தேய்க்கும்.

முப்பது வயதாகுமுன்பே ஆட்டத்தை விட்டுவிட்டுத் தேயிலைக்கு வந்துவிட்டான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆட்டம் அவனை விடவில்லை. மாத்தளைப் பக்கத்துத் துரைமார் கிளப்புக்கு அவன்தான் ஆட்டம் பழக்கினான். கிளப்புக்குப் போகமுடியாத மழை மாதங்களில் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்துச் சமதரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆட்களைக் கூப்பிட்டுப் பந்தைக் கையில் கொடுத்து ஓடச் சொல்வான். பின்னாலேயே பாய்ந்து இடுப்பைப் பிடித்து விழுத்துவான். விழுந்தவனுக்கு அரைநாள் கூலி, அரைப்பேர், கிடைக்கும். வாயில் மண்ணோடு எழுந்து எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வது.

லெட்சுமணன் மட்டும் விழவில்லை. அழகாயியின் புருஷன், மலையில் அவன் வேகத்துக்கு யாரும் ஈடு இல்லை. அப்படி ஒரு நாள் துரை பாய்ந்தபோது ஒரு பக்கமாக வளைந்து போய்விட்டான். துரை நெஞ்சடிக்கச் சேற்றில் விழுந்தான். கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அழகாயிதான் எல்லாரையும் விட உரக்கச் சிரித்தாள். லெட்சுமணன் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கீழே வைத்துவிட்டு, அவளைத் தேடி, அவள் பக்கமாகத் திரும்பி நின்றான். ஆட்டம் முடிந்துவிட்டது. அப்போதுதான் துரை பின்னாலிருந்து ஓடி வந்து, தலையைத் தாழ்த்தி, அவன் முதுகில் மோதினான்.

அந்தச் சத்தம் அவளுக்கு இன்னும் கேட்கிறது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல.

"மரத்திலேர்ந்து விழுந்துட்டான்னு சொல்லு," என்றார் கணக்கப்பிள்ளை. "பொலீசுக்குப் போறேன்னு நிக்கிறியே, ஒனக்கு பிரஜாவுரிமை இருக்கா? மொதல்ல ஒன்னயத்தான் இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்துவாங்க." ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த லெட்சுமணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி எதுவும் இல்லை. துரை இரக்கப்பட்டு அழகாயிக்குப் பங்களா வேலை கொடுத்தான். நல்ல துரை என்றார்கள். அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். கிட்ட இருந்தால்தான் ஒரு நாள் கை எட்டும்.

விருந்துக்குச் சாமான் கொண்டு வந்த லொறி பங்களாவுக்குப் பின்னால் நின்றது. டிரைவர் கலந்தர் மாத்தளை டவுன்காரர். முதுகு ஒடிந்த அன்றைக்கு லெட்சுமணனைத் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்.

"நாநா, அவர லயத்திலேர்ந்து கூட்டிக்கிட்டு வரணும். விருந்து நடக்கிற எடத்துக்கு," என்றாள் அழகாயி.

கலந்தர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் புள்ள குட்டி ஈக்கி தங்கச்சி. இந்தத் தோட்டத்து லொறி வாடக போனா நான் என்ன செய்ற?"

"அப்ப வேணாம். நானே தூக்கிக்கிட்டு வர்றேன்."

அவர் லொறியைத் திருப்பினார்.

முன்பக்கப் புல்தரையில் பிரம்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாலைந்து வெள்ளைக்காரர்கள். நடுவில் பந்தோடு படத்தில் இருந்தவரை அழகாயி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். மீசை வெளுத்திருந்தது, அவ்வளவுதான். துரை பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வயிற்றில் அது இழுபட, புல்லில் நின்று ஏதோ பழைய ஆட்டத்தைச் செய்து காட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அவன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை. இதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

கலந்தர் லெட்சுமணனை முதுகில் சுமந்துகொண்டு பூச்செடிகளைத் தாண்டி வந்தார். துவண்ட கால்கள் இரண்டும் அவர் பின்னால் ஆடின. காலியாக இருந்தது துரையின் நாற்காலிதான். அதில் உட்கார வைத்தார். சரிந்து விழாமல் இருக்க அழகாயி தன் பழைய சேலைத் துண்டால் அவனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். சிரிப்பு நின்றுபோனது.

"அப்பு, சொல்லுங்க," என்றாள் செல்லையாவைப் பார்த்து. "இவரும் தொரைகூட வெளையாண்டவருன்னு சொல்லுங்க."

"போ! லயத்துக்குப் போ!" துரையின் கழுத்து சிவந்துவிட்டது. இங்கிலீசில் அவர்களிடம் என்னவோ சொல்லி, மரத்தைக் காட்டி, கையைக் கீழே வீசினான்.

மீசைக்காரர் அவனைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து நாற்காலிக்கு முன்னால் குந்தி, லெட்சுமணனின் காலைத் தொட்டுப் பார்த்தார். செல்லையாவிடம் ஏதோ கேட்டார்.

"எப்படி ஆச்சுன்னு கேக்குறாரு," என்றார் செல்லையா.

லெட்சுமணன் நிதானமாகச் சொன்னான். "ஓடச் சொன்னாரு, ஓடினேன். கோட்டத் தாண்டி பந்த கீழ வச்சிட்டேன். பொறகு சும்மாதான் நின்னேன். நின்னவனத்தான் பின்னால வந்து அடிச்சாரு."

செல்லையா அதை இங்கிலீசில் சொல்லி முடித்ததும் மீசைக்காரரின் முகம் சாம்பலாகிப் போனது. துரையின் பக்கம் திரும்பி இரண்டே சொல் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தொப்பிகளை எடுத்துக்கொண்டு அவர்கள் காரில் ஏறிவிட்டார்கள். வாட்டிய கோழி அப்படியே ஆறிக் கிடந்தது.

"மறுபடியுமான்னு கேட்டாரு," என்றார் செல்லையா குசினிக்குள் வந்து, குரலைத் தாழ்த்தி. "கார்ல ஏறும்போது பேசிக்கிட்டாங்க, அவங்க நாட்டிலயும் இப்படித்தானாம். விசில் ஊதின பொறகு ஒருத்தன பின்னாலேர்ந்து அடிச்சி, அவன் எந்திரிக்கவே இல்லையாம். தெரியாம பட்டுருச்சின்னு இந்த மீசக்காரப் பெரியவருதான் சாட்சி சொல்லிக் காப்பாத்திவிட்டாராம். ஆனா அதுக்குப் பொறகு யாரும் இவர ஆட்டத்துக்குக் கூப்பிடல. நீ என்னாத்தப் புடிச்சி இழுத்தேன்னு ஒனக்கே தெரியாது புள்ள."

அவளுக்குத் தெரியாதுதான். தெரிந்தபோது நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் லயத்துக்கு வந்து கஞ்சி கொடுக்கும்போது லெட்சுமணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அவன் மூஞ்சிய நான் சரியா பாக்கல. அந்தப் பெரியவரு மறைச்சிக்கிட்டாரு." கஞ்சி தட்டில் உறைந்தது. அவளுக்கும் வயிறு நிறையவில்லை.

பத்துச்சீட்டு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. துரை காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வருவதை விட்டான், கிளப்புக்குப் போவதை விட்டான். அவள் வைக்கும் சாப்பாட்டை, அவளைப் பார்க்காமல், தின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை பிடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், லயத்து நாய்கள் ஒன்றாகக் குரைத்தன. அழகாயி எட்டிப் பார்த்தாள். துரை தனியாக, குடை இல்லாமல், வாசலில் நின்றுகொண்டிருந்தான். எந்தத் துரையும் லயத்துக் காம்பரா அறைக்கு உள்ளே வந்தது கிடையாது.

"வரச் சொல்லு," என்றான் லெட்சுமணன்.

துரை முதுகை மடித்து உள்ளே நுழைந்தான். உட்கார எதுவும் இல்லை. லெட்சுமணன் தன் சாக்குப் படுக்கைக்குப் பக்கத்துத் தரையைக் கண்ணால் காட்டினான். அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மண் தரையில் உட்கார்ந்தது. இரண்டு முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன. லெட்சுமணன் பார்த்தான். கண் இமைக்காமல், வாங்க வேண்டியதை வாங்குகிறவன் போலப் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

துரை பேச வாயெடுத்தான். அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் ஏவுகிற தமிழ்தான்: வா, போ, வெட்டு, தூக்கு, ஓடு. "நான்..." என்றான். "நான் அன்னிக்கு..." அதற்கு மேலே சொல் இல்லை. அவன் அழகாயியைப் பார்த்தான். என்ன சொல் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. விருந்தாளிக்குத் தேத்தண்ணி வைக்கக்கூட அடுப்புப் பக்கம் போகவில்லை.

கடைசியில் அவன் எழப் பார்த்தான். விருந்துக்குப் பிறகு தளர்ந்துபோய், பங்களாவில் நாற்காலியை விட்டு எழும்பவே மேசையைப் பிடித்துக்கொள்கிறவன். ஒரு முழங்காலை ஊன்றினான், அது வழுக்கியது. மறுபடி ஊன்றினான். மூச்சு இரைத்தது. பிறகு யாரையும் பார்க்காமல் கையை நீட்டினான்.

அழகாயி ஓர் அடி எடுத்து வைத்தாள். பழக்க தோஷம்.

"விடு," என்றான் லெட்சுமணன். "இருக்கட்டும்."

வாசலில் லயமே கூடிவிட்டது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றவர்களில் ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. நீட்டிய அந்த வெள்ளைக் கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு அடுப்புப் புகை படிந்த சுவரைத் தேடிப்போய், பிடிக்க ஏதும் கிடைக்காமல், கரியில் நீளமாகக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கியது.