சிவப்புக் கோடு

எல்லோரும் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சோற்றுக்கு உப்பைக்கூட அளந்து போடச் சொல்கிற மனுஷன். மீன்குளத்துக்குக் கரை கட்டிய அன்றே, ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாயில் கரை மட்டத்துக்குச் சரியாக ஒரு சிவப்புக் கோடு போட்டுவைத்தார். மூன்று வருஷத்தில் கரை அந்தக் கோட்டுக்கு ஒன்றரைச் சாண் கீழே போய்விட்டது. குழாய் இருந்த இடத்தில் இருக்கிறது; அப்படியானால் மண்ணை யாரோ சுரண்டுகிறார்கள். யாரோ என்ன யாரோ, பக்கத்துக் குளத்துக்காரன்தான். பெண்டாட்டியின் அண்ணன்.

நாளைக்குப் பௌர்ணமி. கடல் பொங்கி ஆற்றில் தண்ணீர் ஏறினால் இந்தக் கரை தாங்காது. இன்னும் பத்தே நாளில் பிடிக்கவேண்டிய மீன் மொத்தமும் ஆற்றோடு போய்விடும்.

"அவர் கரைக்கு மண்ணு எங்கேருந்து வருதுன்னு உன் அண்ணனைக் கேளு."

"நீங்களே கேளுங்க. ரெண்டு பக்கமும் அடி வாங்க நான் என்ன மத்தளமா?" பெண்டாட்டி வலையைத் தைத்துக்கொண்டே சொன்னாள். "அங்கேயும் இதே பாட்டுதான்."

அது அவர் காதில் ஏறவில்லை. நட்டநடு மத்தியானம் பக்கத்துக் குளத்துக்குப் போனார். மச்சான் தன் குழாயடியில் டேப்போடு குந்தியிருந்தான். கையும் களவுமாக மாட்டினான் என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனார். அந்தக் குழாயிலும் ஒரு நீலக் கோடு. அதற்கு ஒன்றரைச் சாண் கீழே கரை.

"வாங்க மாப்பிள்ளை. எடுத்த மண்ணைத் திருப்பிக் கொண்டாந்தீங்களா?"

"நானா? நீங்க எடுத்தது எங்கே மச்சான்?"

மச்சான் மோட்டார் நிற்கும் சிமெண்டு மேடையைக் காலால் தட்டினான். "கோடு போட்டப்ப இது கோட்டுக்குச் சமமா இருந்துச்சு. இப்ப இதுவும் கீழே போயிருக்கு. சிமெண்டையும் நீங்களா சுரண்டுனீங்க?"

அளவுக்காரர் குனிந்து மேடைக்கும் கோட்டுக்கும் நடுவே சாண் போட்டுப் பார்த்தார். குழாய் அடியில் பாறையில் நிற்கிறது. இறங்கியது நிலம். குளத்து உப்பைக் குறைக்க இரண்டு பேரும் மூன்று வருஷமாகப் பூமிக்கடியிலிருந்து நல்ல தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்கள். அடியில் தண்ணீர் குறையக் குறைய மேலே நிலம் அமுங்கிவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் ஆட்களைக் கூட்டிவந்து, சேர்ந்து மண் வெட்டிப் போட்டு இரண்டு கரையையும் கோட்டுக்கு ஏற்றினார்கள்.

"இனிமே மோட்டார் போடக்கூடாது மாப்பிள்ளை. நீங்க மொதல்ல நிறுத்துங்க."

"சேர்ந்தே நிறுத்துவோம்."

அளவுக்காரர் தன் கரைக்கு வந்து, ஓடுகிற மோட்டாரின் சுவிட்சின் மேல் கையை வைத்தார். நான் நிறுத்தினால் இவன் நிறுத்துவானா? என் தலை மறைந்ததும் மறுபடி போட்டுவிட்டால்? எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் மச்சானும் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மோட்டாரும் ஓடிக்கொண்டே இருந்தன.